பினாங்கு லவ் லேன் விடுதியில் கிறிஸ்துமஸ்: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ்டவுன் நகரில், சூலியா தெருவிலிருந்து ஃபார்குவார் தெரு வரை நீளும் லவ் லேனில், பழைய கடைவீடு ஒன்றைச் சீரமைத்து நடத்தப்படும் முதுகுப்பைப் பயணியர் விடுதி ஒன்றில் கிறிஸ்துமஸ் காலத்தைக் கழித்தவள் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் விடுதியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அந்தத் தெருவிலும் அதையொட்டிய முந்த்ரி தெருவிலும் ஏறக்குறைய இதே அமைப்பில் வேறு பல விடுதிகள் இருப்பதால், இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவற்றைத் தேடுவோருக்கும் பயன்படும். நான் குமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். தனியாகப் பயணம் செய்பவள். தெற்குத் தாய்லாந்திலிருந்து பாடாங் பெசார் எல்லையைக் கடந்து, அங்கிருந்து கொம்யூட்டர் இரயிலில் பட்டர்வொர்த் வந்து, படகேறித் தீவுக்குள் நுழைந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க வந்து இரண்டு இரவு தங்கிச் செல்பவர் ஒரு விடுதியில் கவனிக்கும் விஷயங்கள் வேறு. பெருநாளுக்கு வீட்டுக்குப் போக வழியில்லாமல் அதை இங்கேயே கொண்டாட நினைப்பவர் கவனிக்க வேண்டியவை வேறு. இரவு ஒரு மணிக்குக் கதவு திறக்குமா, அடுப்பைத் தொட விடுவார்களா, இணையம் நள்ளிரவில் தாங்குமா, யாரோடும் பேசத் தோன்றாத நேரத்தில் ஒதுங்கி உட்கார இடம் உண்டா என்ற கேள்விகளை வைத்தே நான் இந்த விடுதியை எடைபோட்டேன்.

முதலில் பணக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான கூட்டறையில் ஒரு கட்டிலுக்குச் சாதாரண நாள்களில் இரவுக்கு 45 ரிங்கிட் வாங்குகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்கும் பெருநாளுக்கும் ஆண்டின் கடைசி நாளுக்கும் அதே கட்டில் 65 ரிங்கிட் ஆகிறது. பண்டிகைக் காலத்தில் விலை ஏறுவதைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை நடக்கும் காலம் என்பதால் அங்கிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், ஜார்ஜ்டவுனில் அறைகள் வேகமாக நிரம்பிவிடுகின்றன. ஆனால் முன்பதிவுப் பக்கத்தில் காட்டிய மொத்தத் தொகையில் சுற்றுலா வரி சேர்க்கப்படவில்லை என்பதை வரவேற்பு மேசையில்தான் சொன்னார்கள். மலேசிய அரசு வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் வரி வாங்குகிறது. கூட்டறையில் ஒரு கட்டிலை மட்டும் எடுப்பவருக்கு அதை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பது விடுதிக்கு விடுதி மாறுவதால், பதிவு செய்வதற்கு முன் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. இங்கே முதலில் முழுத் தொகையையும் கேட்டார்கள். அறையில் என்னுடன் இருந்த மற்றவர்களும் சேர்ந்து கேள்வி எழுப்பிய பிறகு பங்கிட்டு வாங்கிக்கொண்டார்கள். கேட்டவர்களுக்கு ஒரு கணக்கு, கேளாதவர்களுக்கு ஒரு கணக்கு என்பது எந்த நாட்டில் நடந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

கட்டடத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல மனம் வரவில்லை. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவுடன் சேர்ந்து இடம்பெற்ற நகரப்பகுதி என்பதால், இந்தக் கடைவீடுகளின் முகப்பையும் ஓட்டுக்கூரையையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. குறுகிய முகப்பு, உள்ளே போகப் போக நீண்டுகொண்டே செல்லும் வீடு, நடுவில் வானம் பார்த்த முற்றம், வாசலில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க உதவும் ஐந்தடி நடைபாதை என்ற அமைப்பு, செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். அந்த நடுமுற்றத்தில் ஒரு கல் இருக்கையும் சில தொட்டிச் செடிகளும் இருக்கின்றன. மழை பெய்யும்போது நீர் நேராக முற்றத்துக்குள் விழுகிறது. கட்டில்களுக்குத் தனித்தனித் திரையும் படிப்பு விளக்கும் மின்செருகும் உண்டு. பூட்டும் பெட்டி முழு முதுகுப்பையை உள்ளே வைக்கும் அளவுக்குப் பெரியது. மரத்தளம் என்பதால் மேல்மாடியில் யார் நடந்தாலும் கீழே கேட்கும். தெருவில் மதுக்கூடங்கள் இருப்பதால் முன்பக்க அறைகளில் நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம் ஓயாது. பின்பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள். கழிவறை தொலைவு, தூக்கம் உறுதி.

இந்த விடுதிக்கு நான் தாராளமாக மதிப்பெண் தருவது கதவுக்காக. பெருநாளுக்கு முந்தைய இரவு பல சிறிய விடுதிகள் பதினொரு மணிக்கே முகப்பைப் பூட்டிவிட்டு, அதன்பிறகு வருபவர்கள் தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்று எழுதி ஒட்டிவிடுகின்றன. பூசை முடிந்து வரும் பெண்ணொருத்தி அந்த நேரத்தில் வெறிச்சோடிய தெருவில் நின்று கைபேசியில் யாரையோ எழுப்பிக்கொண்டிருக்க வேண்டிய நிலை எவ்வளவு சங்கடமானது என்பதை விடுதி நடத்துபவர்கள் யோசிப்பதே இல்லை. இங்கே சாவி அட்டை தருகிறார்கள். அதோடு இரவு முழுவதும் ஒரு நேப்பாள இளைஞர் வாசலுக்கு உள்ளேயே காவலுக்கு அமர்ந்திருக்கிறார். நான் திருப்பலிக்குக் கிளம்பியபோது எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கூட்டறையில் யார் உள்ளே, யார் வெளியே என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். மேலாளர் சொல்லி நடப்பதல்ல, அவராகச் செய்வது என்று பிறகு தெரிந்தது. என்னைப் போலத் தனியாக வரும் பெண்களுக்கு இது கிறிஸ்துமஸ் மரத்தையும் விளக்கையும்விடப் பெரிய வசதி.

இடத்தின் பலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லவ் லேனின் வடக்கு முனை ஃபார்குவார் தெருவைத் தொடும் இடத்துக்கு அருகிலேயே விண்ணேற்பு அன்னை ஆலயம் இருக்கிறது. ஆங்கிலேயரான ஃபிரான்சிஸ் லைட் தீவில் காலூன்றிய 1786ஆம் ஆண்டிலேயே கெடாவிலிருந்து வந்த யுரேஷிய (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழிவந்த) கத்தோலிக்கர்களின் பங்கு, அதாவது திருச்சபைச் சமூகம், அது. இப்போதுள்ள கட்டடம் 1861இல் எழுந்தது. அதே தெருவில் சற்று நடந்தால் புனித ஜார்ஜ் ஆங்கிலிக்கத் தேவாலயம். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட அது தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கத் தேவாலயமாகக் கருதப்படுகிறது. அதன் வெள்ளைத் தூண்களைப் பார்த்ததும் எங்கேயோ கண்டது போலத் தோன்றினால் வியக்க வேண்டியதில்லை. சென்னை கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தின் தாக்கத்தில் எழுந்த வடிவம் அது. தமிழில் திருப்பலி தேடுபவர்கள் பினாங்கு சாலையிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தை விசாரிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அது இந்த ஊர்த் தமிழ்க் கத்தோலிக்கர்களின் ஆலயமாக இருந்து வருகிறது. மலேசியப் பங்குகளில் ஆங்கிலம், சீனம், தமிழ், மலாய் எனப் பல மொழிகளில் திருப்பலி நிறைவேற்றப்படுவதால், எந்த ஆலயத்தில் எந்த நேரத்தில் எந்த மொழி என்பதைப் பங்கு அறிவிப்புகளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரங்களை ஒரு தாளில் எழுதி வரவேற்பு மேசையில் ஒட்டினால் விடுதிக்கு எந்தச் செலவும் இல்லை. மதுக்கூடங்களின் சலுகை நேரங்களை ஒட்டியிருந்தவர்களுக்கு இது தோன்றவில்லை.

நான் போன தமிழ்த் திருப்பலியில் பாடல்கள் பெரும்பாலும் எனக்குத் தெரிந்தவையே. 'உன்னதங்களிலே' தொடங்கியபோது மணி அடித்ததும், பாலன் இயேசுவின் சுரூபத்தைக் குடிலில் கிடத்தியதும் ஊரில் நடப்பது போலவேதான். பக்கத்தில் நின்ற பாட்டி, சமாதானம் சொல்லும் நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊர்ல இருந்து வந்த பொண்ணா?" என்று கேட்டார். என் உடையிலா முகத்திலா, எதில் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. பூசை முடிந்ததும் வாசலில் காகிதக் கோப்பையில் சூடான மைலோவும் கேக் துண்டும் கொடுத்தார்கள். விடுதியில் கிறிஸ்துமஸ் மரம் இரண்டு இருந்தன, குடில் ஒன்றுகூட இல்லை. குடிலுக்காக நவம்பர் கடைசியிலேயே கேழ்வரகை முளைக்கப் போடும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த வெறுமை கண்ணில் படத்தான் செய்யும். பல நாட்டவர் தங்கும் விடுதியிடம் குடிலை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதால் இதற்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை.

நகரப் பேருந்துகளும் நகருக்குள் ஓடும் இலவசப் பேருந்தும் நள்ளிரவுக்கு முன்பே நின்றுவிடும். கைபேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டிக்கு அன்று இரவு வழக்கத்தைவிடக் கூடுதல் கட்டணம் காட்டியது. லவ் லேனில் தங்கியதால் எனக்கு அந்தச் செலவு இல்லை. பினாங்கு சாலையிலும் சூலியா தெருவிலும் அந்த நேரத்தில் நாசி கண்டார் என்னும் சோறும் குழம்பும் விற்கும் கடைகள் வெளிச்சத்தோடு திறந்திருந்தன, ஆள் நடமாட்டம் குறையவில்லை, நடந்தே திரும்பினேன். நகருக்கு வெளியே பத்து ஃபெரிங்கி என்னும் ஊரின் கடற்கரையில் மலிவான அறை கிடைக்கிறது என்று போகிறவர்கள் இந்தப் போக்குவரத்துக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணிநேரம் முன்னால் ஓடுகிறது. இது விடுதி மதிப்பீட்டில் எதற்கு என்று கேட்கலாம். இங்கே நள்ளிரவு மணி அடிக்கும்போது நம் ஊரில் இரவு ஒன்பதரை. வீட்டில் இன்னும் கேக்கை வெட்டியிருக்க மாட்டார்கள், அம்மா முந்திரிக்கொத்துச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியிருக்க மாட்டார். ஊர்ப் பங்கில் நள்ளிரவுத் திருப்பலி தொடங்கும்போது பினாங்கில் அதிகாலை இரண்டரை. எங்கள் பங்கில் அதை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள் என்பதால், அந்த நேரத்தில் விடுதியின் இணையம் எப்படி இருக்கிறது என்பதே என் பெருநாளைத் தீர்மானித்தது. கூட்டறைக்குள் இணைப்பு திணறியது. படம் நின்று நின்று ஓடியது. நடுமுற்றத்துக் கல் இருக்கைக்கு வந்ததும் சீரானது, ஏனென்றால் இணையப் பெட்டி அதற்கு நேர் மேலே உத்தரத்தில் பொருத்தப்பட்டிருந்தது. காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். கூட்டத்தின் முன்வரிசையில் அப்பா புதுச் சட்டையில் நிற்பதைக் கண்டுபிடித்து, உடனே தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். அவள் பூசைக்கு நடுவே கைபேசியை எடுத்ததற்காக அம்மாவிடம் திட்டு வாங்கியதாக மறுநாள் சொன்னாள். இரவு பதினொரு மணிக்குப் பிறகு பொது இடங்களில் அமைதி காக்க வேண்டும் என்பது விடுதியின் விதி. அது கடுமையாகவே கடைப்பிடிக்கப்பட்டது. பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை எழுப்பி அறைக்கு அனுப்பும் அளவுக்கு மட்டும் அவர்கள் கடுமை காட்டவில்லை. காவல் இளைஞர் கொசுவர்த்திச் சுருளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

விடுதி தன் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தது மொட்டைமாடிக் கிறிஸ்துமஸ் விருந்தைத்தான், எனக்கு ஏமாற்றம் தந்ததும் அதுவே. தலைக்கு 70 ரிங்கிட். வான்கோழி என்று அச்சிட்டிருந்தார்கள், வந்தது கோழி. அதுவும் எங்கேயோ வெளியில் சுட்டுக் கொண்டுவரப்பட்டு, அலுமினியத் தட்டில் ஆறிப்போய், கத்தி நுழையாத நிலையில் இருந்தது. உருளைக்கிழங்கு மசியல், டப்பாவில் அடைத்த மக்காச்சோளம், பெயருக்கு ஒரு துண்டு கேக். எட்டு மணிக்குத் தொடங்க வேண்டியது ஒன்பது தாண்டித் தொடங்கியதால், அன்றிரவு திருப்பலிக்குப் போகிறவர்கள் பாதியில் எழுந்துவிட வேண்டியிருந்தது. நடுவில் ஒரு மழைவேறு. இருபது ரிங்கிட்டுக்குள் பரிசு வாங்கிக் குலுக்கிப்போட்டு மாற்றிக்கொள்ளும் விளையாட்டு மட்டும் கொஞ்சம் கலகலப்பாக இருந்தது; எனக்கு வந்தது டுரியான் வாசனையடிக்கும் சாக்லேட் பெட்டி, அதைத் திறக்க வேண்டாம் என்று அறையில் இருந்த எல்லோரும் சேர்ந்து கெஞ்சினார்கள். விருந்துக்குக் கொடுத்த அதே பணத்தில், மூன்று நான்கு வேளைக்கு மீன் முட்டையும் கோழி வறுவலும் வைத்து, எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றிய நாசி கண்டார் சாப்பிட்டிருக்கலாம். 1907 முதல் இந்த நகரில் நடந்துவரும் ஹமீதியா போன்ற கடைகள் நடக்கும் தொலைவில் இருக்கும்போது, விடுதிக்காரர்கள் வெள்ளைக்காரப் பயணிகளின் வீட்டுச் சாப்பாட்டை அரைகுறையாக நகலெடுக்க வேண்டிய தேவை என்ன என்று எனக்குப் புரியவில்லை. அந்த வெள்ளைக்காரப் பயணிகளும் அதைச் சாப்பிடாமல்தான் வைத்தார்கள். விருந்துச் சீட்டை வாங்காதீர்கள்.

ஆனால் அதே விடுதியின் சமையலறை அருமையானது. தங்குவோர் காலை ஆறு முதல் இரவு பத்து வரை சமைக்கலாம். பன்றி இறைச்சியும் மதுவும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. வேலை செய்பவர்களில் முஸ்லிம்களும் இருப்பதால் இந்த விதியை மதிக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைக்கும் எதற்கும் பெயரும் தேதியும் எழுதிய காகிதநாடா ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் மறுநாள் குப்பையில்தான் தேட வேண்டும். கத்திகள் மழுங்கியவை. அடுப்பு இண்டக்ஷன் வகை. அங்கே இருந்தவற்றில் பெரிய பாத்திரம் அலுமினியம் என்பதால் அது அந்த அடுப்பில் சூடாகாது. எவர்சில்வர் பாத்திரங்களோ இரண்டு பேருக்கு மேல் பொங்கப் போதாதவை.

பெருநாள் சமையலுக்கு வேண்டியதை இருபத்துநான்காம் தேதி காலையிலேயே வாங்கி வைத்தேன். பினாங்கு சாலையில் உள்ள சௌராஸ்தா சந்தையில் கோழியை நம் முன்னாலேயே துண்டு போட்டுத் தருகிறார்கள். தோலை உரிக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தோலோடு வரும். ஆட்டிறைச்சி பெரும்பாலும் உறையவைத்து இறக்குமதியாவது, விலையும் அதிகம் என்பதால் ஊரில் வைக்கும் ஆட்டுக்கறி ஸ்டூவை மறந்துவிட்டுக் கோழிக்கு மாறினேன். தேங்காய்ப்பாலுக்குச் சிரமமே இல்லை. கடையிலேயே தேங்காயைத் துருவி, இயந்திரத்தில் பிழிந்து, கெட்டியாக நெகிழிப்பையில் கட்டித் தருகிறார்கள். தண்ணீர் ஊற்றட்டுமா வேண்டாமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டாம் பாலுக்கு நாமே கலந்துகொள்ளலாம். லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் தெருவும் பினாங்கு தெருவும் சந்திக்கும் பகுதியில் பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் கிடைத்தன. மலேசியத் தமிழர் வீடுகளில் புழங்கும் பாபாஸ் இறைச்சி மசாலாத்தூள் பொட்டலம் ஒன்றும் வாங்கினேன். நம் ஊர்த் தூளைவிடக் காரம் குறைவு, சோம்பு மணம் தூக்கல். தேங்காய்ப்பால் குழம்புக்கு அது பொருந்தவே செய்தது. அச்சு முறுக்கு அங்கே பெரிய டப்பாக்களில் அடுக்கியிருந்தார்கள். முந்திரிக்கொத்து மட்டும் எந்தக் கடையிலும் கண்ணில் படவில்லை.

விடுதியின் பகல்நேர மேற்பார்வையாளர் பட்டர்வொர்த் பக்கத்தைச் சேர்ந்த தமிழ்ப் பெண்மணி; என் அம்மாவைவிடச் சில வயது இளையவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். பெருநாள் காலையில் நான் ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "பசியாறுறது இதுதானா? உங்களுக்குப் பெருநாளாச்சே, வெறும் ரொட்டியத் தின்னுகிட்டு இருக்க?" என்று கேட்டார். மதியத்துக்குச் சமைக்கப்போகிறேன், பாத்திரம்தான் இல்லை என்று சொன்னதும், தன் தங்கையின் வீட்டுக்குக் கூப்பிட்டு அடி கனத்த எவர்சில்வர் குக்கரைக் கொண்டுவரச் சொன்னார். அவர் இந்து, தீபாவளிக்குத் தன் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு வைத்ததையும், ஹரிராயா என்னும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவ்வாறே ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதையும் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். புலாவ் தீக்குஸில் வசிக்கும் அவருடைய யுரேஷியத் தோழி கொடுத்தனுப்பிய ரவைக் கேக்கையும் எனக்கு ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தார். ரவையை வெண்ணெயில் ஊறவைத்து, பாதாம் பொடி சேர்த்துச் செய்யும் அந்தக் கேக் யுரேஷியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் மேசையில் தவறாமல் இருப்பது. வாயில் போட்டால் கேசரிக்கும் கேக்குக்கும் நடுவில் ஒரு பதம்.

குழம்பு கொதித்த வாசனைக்கு மாடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து காலையில் வாங்கி வைத்த இடியாப்பம் எனக்கும் அக்காவுக்கும் என்று கணக்கிட்டது. அது போதாமல் காவல் இளைஞர் தன் சோற்றுப் பானையையும் கொண்டுவந்து வைத்தார். பிரேசில்காரப் பெண் ஒருத்தி குழம்பில் மிதந்த கறிவேப்பிலையை மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள், அதை ஒதுக்கிவிடலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. முந்தைய இரவு எழுபது ரிங்கிட் கொடுத்து மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த அதே ஆட்கள்தான். இங்கே தட்டைக் கழுவி வைத்துவிட்டும் எழுந்து போகாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். விடுதி நிர்வாகம் அந்த விருந்தை அடியோடு விட்டுவிட்டு, ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரமும் கூர்மையான இரண்டு கத்தியும் வாங்கிப் போட்டால் அதுவே போதும்.

அக்காவைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு மற்ற சேவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணி துவைக்கக் கொடுத்தால் மறுநாள் என்பார்கள். பெருநாள் விடுமுறையில் அது மேலும் தள்ளிப்போனது, என் சட்டைகளில் ஒன்று வேறு யாருடைய மூட்டையிலோ போய்விட்டது. புகார் சொன்னதும் மாலைநேர வரவேற்பாளர் தோளைக் குலுக்கினார்; அக்கா வந்த பிறகுதான் தேடிக் கொடுத்தார்கள். ஒருவர் இல்லாவிட்டால் ஓடாத விடுதி என்பது அதன் பலமும் பலவீனமும். காலைச் சிற்றுண்டி என்று தருவது ரொட்டி, வெண்ணெய், காயா, வாழைப்பழம். தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் காய்ச்சிய அந்தக் காயா நன்றாகவே இருக்கும். குளியலறையில் வெந்நீர் மூன்றில் ஒன்றில்தான் ஒழுங்காக வரும். பினாங்கின் டிசம்பர் வெக்கைக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

பினாங்கில் பெருநாள் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: கிறிஸ்துமஸ் மலேசியாவில் பொது விடுமுறை, ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு, அவர்களிலும் பெரும்பாலோர் சபா, சரவாக்கில் வாழ்கிறார்கள். அதனால் அன்று பினாங்கில் வங்கியும் அரசு அலுவலகமும் மூடியிருக்கும், சாப்பாட்டுக் கடைகளும் பேரங்காடிகளும் திறந்தே இருக்கும். ஐரோப்பாவில் இருந்து வந்திருந்த பயணிகள் எல்லாம் மூடிக்கிடக்கும் என்று பயந்து நூடுல்ஸ் பொட்டலங்களை வாங்கி அடுக்கியிருந்தார்கள், தேவையில்லாத பயம். அலங்காரம் பார்க்க ஆசைப்படுபவர்கள் கர்னி கடற்கரைச் சாலையின் பேரங்காடிகளுக்குப் போகலாம். அவற்றில் கர்னி பாராகன் வளாகத்துக்குள் இருக்கும் பழைய புனித சூசையப்பர் துறவுப் பயிற்சி இல்லத்தின் கட்டடத்தை நின்று பார்க்கலாம். இப்போது அங்கே உணவகங்கள் நடக்கின்றன. பஞ்சுப் பனியும் நெகிழி மரங்களும் எனக்குச் சலித்துவிட்டன, படம் எடுக்கும் கூட்டத்தில் நகர இடமில்லை.

யாருக்கு இந்த விடுதியைப் பரிந்துரைப்பேன் என்றால், தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கும், இரவுத் திருப்பலிக்கு நடந்தே போய்வர விரும்புவோருக்கும், தன் கையால் ஏதாவது சமைத்துப் பெருநாளைக் கழிக்க நினைப்பவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். இலேசான தூக்கமுள்ளவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள், விடுதியே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து தரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. நம் நாட்டுக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் முப்பது நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் நுழைய அனுமதி கிடைத்ததிலிருந்தும், 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியதிலிருந்தும் தமிழ்நாட்டுப் பயணிகளை இந்தத் தெருவில் அடிக்கடி பார்க்க முடிகிறது என்று அக்கா சொன்னார். நுழைவு அனுமதி விதிகளையும், வருவதற்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையையும் புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெருநாள் முடிந்ததும் கோலாலம்பூருக்குக் கிளம்புகிறவர்கள் பட்டர்வொர்த்திலிருந்து ஓடும் மின்தொடர் (ETS) இரயிலில் இடத்தை வெகு முன்னதாகவே பதிவு செய்துவிட வேண்டும். ஏறக்குறைய நான்கு மணிநேரப் பயணம் என்பதால் ஆண்டிறுதியில் பேருந்தைவிட அதற்குத்தான் கிராக்கி. காலை இரயில் என்றால் படகுத்துறைக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் படகு கடக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாவி அட்டைக்காக வாங்கி வைத்திருக்கும் 20 ரிங்கிட் முன்பணத்தை முந்தைய இரவே கேட்டு வாங்கிவிடுங்கள், ஏனென்றால் காலை எட்டு மணிக்கு முன் பணப்பெட்டியின் சாவி அங்கே யாரிடமும் இருப்பதில்லை.